குரு பார்த்தார், குணமாக்கவில்லை: லேவியர் 13, 14 பற்றி வாசகர் கேள்விகள்

பொதுக்காலம் 6ஆம் ஞாயிறு, மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில் திருப்பலியின் முதல் வாசகம், தொழுநோய் கண்டவரைக் குரு பார்த்துத் தீட்டு என்று அறிவிக்கும் லேவியர் 13:1-2, 44-46. அன்றைய நற்செய்தி, தொழுநோயாளி ஒருவரை இயேசு தொட்டுக் குணமாக்கும் மாற்கு 1:40-45. இந்த இரண்டையும் ஒட்டி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். திருவிவிலியத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

கே: லேவியர் நூல் சொல்லும் தொழுநோயும், இன்று அரசு மருத்துவமனையில் மாத்திரை தரும் தொழுநோயும் ஒன்றுதானா?
– மறைக்கல்வி ஆசிரியை, திண்டுக்கல்

ப: பெரும்பாலும் இல்லை, அம்மா. 13ஆம் அதிகாரம் சொல்லும் அடையாளங்களை எடுத்துப் பாருங்கள். தோலில் தடிப்பு, பொருக்கு அல்லது வெண்படலம் வரும். அந்த இடத்து முடி வெளுக்கும். அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடப் பள்ளமாகத் தெரியும். ஏழு நாளில் பரவும். நடுவில் பச்சைப் புண் காணும். தலையிலோ தாடியிலோ வந்தால் முடி மெலிந்து மஞ்சளாகும். இன்று மருத்துவர் முதலில் சோதிப்பது உணர்ச்சி மரத்திருக்கிறதா என்பதை. லேவியரில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விரல் மடங்குவதோ மூக்கு அமுங்குவதோ அங்கே பேசப்படவில்லை.

காலக்கணக்கும் ஒத்துவராது. இன்றைய தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகும். தொற்றியபின் அடையாளம் தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டு ஆகும், சிலருக்கு இருபது ஆண்டுகூட ஆகும். அப்படிப்பட்ட நோயை ஏழு நாள் அடைத்து வைத்துப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. மேலும் லேவியரின் நோய் கம்பளித் துணிக்கும் தோல்பைக்கும் வீட்டுச் சுவருக்கும்கூட வருகிறது. ஆகவே அது ஒரு தனி நோயின் பெயர் அல்ல. சோரியாசிஸ், கரப்பான், தலையில் வரும் படர்தாமரை, துணியிலும் சுவரிலும் பிடிக்கும் பூஞ்சணம் என்று மேற்பரப்பைக் கெடுக்கும் பலவற்றைச் சேர்த்துக் குறிக்கும் சொல். கிரேக்க மருத்துவர்கள் செதில் உதிரும் தோல்நோய்க்கு வைத்திருந்த பெயரில் அது மொழிபெயர்க்கப்பட்டது. பிற்காலத்தில் அதே பெயர் இன்றைய தொழுநோய்க்கும் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் இது.

ஆனால் இயேசுவின் காலத்தில் உண்மையான தொழுநோய் இல்லவே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். எருசலேமின் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கில் திறக்கப்பட்ட முதல் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில், அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தவரின் எலும்பில் இக்கிருமியின் மரபணுத் தடம் கிடைத்தது. 2009இல் அது வெளியிடப்பட்டது. நற்செய்தியில் வரும் நோயாளர்களில் சிலருக்கு அது இருந்திருக்கலாம். கிருமியையே நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டுபிடித்தது 1873இல்தான்.

கே: குருதானே அக்காலத்து மருத்துவர்? அவர் எப்படிப் பரிசோதித்தார், என்ன மருந்து கொடுத்தார்?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ப: மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு அதிகாரத்தையும் தேடிப் பாருங்கள். களிம்பு, பத்தியம், மூலிகை, நோய் தீர்க்கும் மன்றாட்டு, ஒன்றும் கிடைக்காது. 14இல் வரும் எண்ணெய்கூட நோய் போனபிறகு சடங்குக்காகப் பூசப்படுவது. குரு பார்ப்பார், காத்திருப்பார், அறிவிப்பார். அவ்வளவே.

பார்க்கும் முறை இது. நோய் உள்ளவரைத் தலைமைக் குரு ஆரோனிடமோ அவர் புதல்வருள் ஒருவரிடமோ கூட்டி வருவார்கள். முடி வெளுத்து, இடம் பள்ளமாகவும் தெரிந்தால் அங்கேயே தீர்ப்பு: தீட்டு. வெண்மை மட்டும் இருக்கிறது, பள்ளமும் இல்லை, முடியும் வெளுக்கவில்லை என்றால் ஏழு நாள் தனியே வைப்பார். ஏழாம் நாள் மீண்டும் பார்ப்பார். பரவாமல் இருந்தால் இன்னும் ஏழு நாள். அப்போதும் பரவாமல் மங்கியிருந்தால் அது வெறும் பொருக்கு. உடையைத் துவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அனுப்பியபிறகு பரவினால் மறுபடியும் வரவேண்டும், அப்போது தீட்டு.

ஆறிய கொப்புளத்தின்மேலோ தீக்காயத்தின்மேலோ வந்ததற்கு ஒரே ஒரு ஏழு நாள் போதும் (13:18-28). தலை, தாடிக்கு இரண்டு வாரம். இரண்டாம் வாரத்துக்கு முன் நோயிடத்தைச் சுற்றி மழித்து, நோயிடத்தை மட்டும் மழிக்காமல் விடவேண்டும் (13:33). அப்போதுதான் எல்லை நகர்ந்ததா என்று தெரியும். அங்கே கருப்பு முடி முளைத்தால் குணம். வழுக்கை விழுவது தீட்டில்லை என்று தனியாக இரண்டு வசனம் இருக்கிறது; நம்மில் பலருக்கு ஆறுதல்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இதை இன்னும் நுணுக்கமாக்கியது. விடியற்காலையிலும் மாலையிலும் பார்க்கக்கூடாது, வீட்டுக்குள் பார்க்கக்கூடாது, மேகமூட்டமான நாளில் பார்க்கக்கூடாது. வெளிச்சம் ஏமாற்றும் என்பதுதான் காரணம். எவரும் தன் உடம்பிலுள்ள நோய்க்குத் தானே தீர்ப்புச் சொல்ல முடியாது; குருவுக்கும் இது பொருந்தும். குருவுக்கு விவரம் போதவில்லை என்றால் சட்டம் தெரிந்த அறிஞர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லலாம். ஆனால் "தீட்டு", "தூய்மை" என்ற சொல் குருவின் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

கே: 13:12-13 படித்துத் தலை சுற்றுகிறது. உடல் முழுவதும் நோய் பரவி வெளுத்துவிட்டால் "தூய்மையானவர்" என்கிறதே! அச்சுப் பிழையா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

ப: பிழை இல்லை, ஐயா. எபிரேய மூலத்திலும் அப்படியே இருக்கிறது. அடுத்த வசனம் அதைவிட வியப்பு: அவர் உடம்பில் பச்சைப் புண் தெரிந்த நாளில் தீட்டு, அந்தப் புண் மீண்டும் வெளுத்துவிட்டால் தூய்மை.

நூல் காரணம் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கை 12:12 உதவுகிறது. சகோதரி மிரியாமுக்கு நோய் கண்டபோது ஆரோன் மோசேயிடம் கெஞ்சுகிறார்: பாதி உடல் அழிந்து செத்துப் பிறந்த பிள்ளைபோல் இவள் ஆகிவிட வேண்டாம் என்று. அவருடைய கண்ணுக்கு அது நோயைவிடச் சாவின் சாயலாகத் தெரிந்தது. உயிருள்ள உடலில் சாவு இறங்கி, இரண்டும் கலந்து நிற்கும் நிலைதான் தீட்டு என்று எடுத்துக்கொண்டால் இந்தச் சட்டம் புரியும். ஒரே நிறமாகிவிட்டவரிடம் அந்தக் கலப்பு இல்லை. தொற்று பயத்தால் எழுதிய சட்டமாக இருந்தால் உடல் முழுக்க நோய் உள்ளவரைத்தானே முதலில் வெளியே அனுப்பியிருக்க வேண்டும்?

கே: அப்படியானால் "பாளையத்துக்கு வெளியே குடியிரு, தீட்டு தீட்டு என்று கத்து" என்பது எதற்கு? கொரோனா காலத்துத் தனிமைப்படுத்தல் போல என்று எங்கள் பங்கில் மறையுரை கேட்டோம். எனக்குக் கொடுமையாகத்தான் படுகிறது.
– செவிலியர், திருச்சி

ப: அந்த மறையுரை பொருந்தாது. மேலே சொன்ன 13:13 ஒரு சான்று. இன்னொன்று வீட்டுச் சட்டம். சுவரில் நோய் என்று சந்தேகம் வந்தால், குரு வருவதற்குமுன் வீட்டிலுள்ள பொருள்களையெல்லாம் வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறது 14:36. அவர் அறிவித்தபின்தான் பொருள்கள் தீட்டாகும், அதற்குமுன் இல்லை. எந்தக் கிருமியும் அறிவிப்புக்காகக் காத்திருப்பதில்லை! புதுமாப்பிள்ளைக்குத் தோலில் ஏதாவது தெரிந்தால், திருமண விருந்தின் ஏழு நாளும் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது மிஷ்னா. திருவிழா நாள்களுக்கும் இதே சலுகை. இஸ்ரயேலர் அல்லாத நாமான் நோயோடேயே சிரியாவின் படைத்தலைவராக அரண்மனைக்குப் போய்வந்தார்.

கிழிந்த உடை, விரித்த தலை, மூடிய மேலுதடு ஆகிய மூன்றும் இழவு வீட்டு அடையாளங்கள் (லேவியர் 10:6, எசேக்கியேல் 24:17). நோயாளி தன் சாவுக்குத் தானே துக்கம் காக்கிறார். வெளியே அனுப்பும் காரணத்தை எண்ணிக்கை 5:3 சொல்கிறது: இஸ்ரயேலர் கூடாரமிட்டுத் தங்கிய பாளையத்தின் நடுவில் ஆண்டவர் தங்கியிருக்கிறார். உயிரின் ஊற்று இருக்கும் இடத்தில் சாவின் சாயல் கூடாது என்பதே சடங்கின் உள்நியாயம்.

கொடுமையாக இல்லையா என்றால், இருந்தது. சமாரியா வாயிலில் பசியால் வாடிய நால்வரை (2 அரசர்கள் 7) மறக்க முடியாது. அரசர் உசியாவே சாகும்வரை தனி வீட்டில் இருந்தார். பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றவையும் காலத்துக்குக் கட்டுப்பட்டவையும் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டின் 15ஆம் எண்ணில் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் குற்றம் சாட்டுமுன் 14ஆம் அதிகாரத்தையும் படித்துவிடுங்கள். 13ஐ மட்டும் தனியே பிய்த்து எடுத்ததால் வந்த கேடு, சட்டத்தால் வந்த கேட்டைவிடப் பெரியது. கீழே வேறு ஒரு கடிதத்துக்குச் சொல்லும் பதிலைப் பாருங்கள்.

கே: நோய் என்றால் பாவத்தின் தண்டனைதானே? மிரியாம், கேகசி, உசியா மூவரும் தப்பு செய்தபின்தானே நோய் வந்தது?
– வாசகர், நாகர்கோவில்

ப: அந்த மூன்று நிகழ்ச்சிகளில் அப்படித்தான். ஆனால் சட்டப் பகுதியான லேவியர் 13இல் "நீ என்ன பாவம் செய்தாய்?" என்று குரு ஒருமுறையும் கேட்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு உண்டு, இறந்தவரை அடக்கம் செய்தவருக்கும் உண்டு. இரண்டும் பாவமல்ல, இரண்டாவது கடமையே. தீட்டும் பாவமும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டாம். யோபு நூல் முழுவதும், யோவான் 9:3இல் இயேசு தரும் பதிலும் உங்கள் கேள்விக்கு எதிர்ப்பக்கம் நிற்கின்றன. எல்லாத் துன்பமும் குற்றத்தின் விளைவு அல்ல என்று இரண்டாம் ஜான் பால், துன்பத்தின் பொருள் பற்றி 1984இல் எழுதிய மடலில் யோபுவை வைத்தே விளக்குகிறார்.

கே: குணமானவரைத் தூய்மையாக்கும் சடங்கை (லேவியர் 14) படிப்படியாகச் சொல்ல முடியுமா? செபக்குழுவில் விளக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பறவை எதற்கு?
– அன்பியத் தலைவி, மதுரை

ப: இது எட்டு நாள் சடங்கு. முதல் படியிலேயே குழு உறுப்பினர்களை நிறுத்தி ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: நோயாளி உள்ளே வரமுடியாது, ஆகவே குரு பாளையத்துக்கு வெளியே போகிறார் (14:3). நோய் நீங்கியிருப்பதைப் பார்த்தபின்தான் எதுவும் தொடங்கும்.

முதல் நாள் தேவையானவை: உயிருள்ள, தூய்மையான இரு பறவைகள், கேதுருக் கட்டை, கருஞ்சிவப்பு நூல், ஈசோப்பு என்னும் மணச்செடி. மண்பாண்டத்தில் ஊற்றுநீர் வைத்து அதன்மேல் ஒரு பறவையைக் கொல்வார்கள். இரத்தம் கலந்த அந்த நீரில் உயிருள்ள பறவையையும் மற்ற மூன்றையும் தோய்த்து, குணமானவர்மேல் ஏழுமுறை தெளித்து, பறவையை வெட்டவெளியில் பறக்க விட்டுவிடுவார்கள். அவர் உடையைத் துவைத்து, முடி முழுவதும் மழித்து, குளித்துப் பாளையத்துக்குள் வரலாம். ஆனால் தன் கூடாரத்துக்கு வெளியே ஏழு நாள் இருக்கவேண்டும். ஏழாம் நாள் மறுபடியும் மழித்தல். இம்முறை தலை, தாடி, புருவம் எல்லாம் என்று பெயர் சொல்லியே கட்டளை வருகிறது.

எட்டாம் நாள் பழுதற்ற இரு ஆட்டுக்கிடாய்க் குட்டிகள், ஒரு வயதுப் பெண் ஆட்டுக்குட்டி ஒன்று, எண்ணெய் கலந்த மெல்லிய மாவு ஏப்பாவில் பத்தில் மூன்று பங்கு, ஒரு லோகு எண்ணெய். ஏப்பாவைச் சுமார் 22 லிட்டர் என்று வைத்தால் மாவு ஆறரை லிட்டர், லோகு ஏறக்குறைய 300 மில்லி. குற்றப்பழி நீக்கும் பலியின் இரத்தத்தைக் குரு எடுத்து அவருடைய வலக் காதுமடல், வலக்கைப் பெருவிரல், வலக்கால் பெருவிரல் ஆகியவற்றில் பூசுவார். எண்ணெயை ஆண்டவர் திருமுன் ஏழுமுறை தெளித்து, அதே மூன்று இடங்களில் இரத்தத்தின்மேல் பூசி, மிச்சத்தை அவர் தலையில் ஊற்றுவார். பிறகு பாவம் போக்கும் பலி, எரிபலி, உணவுப் படையல்.

அந்தக் காது, கைவிரல், கால்விரல் மூன்றும் வேறு எங்கே வருகின்றன? லேவியர் 8:23-24இல், ஆரோனையும் அவர் புதல்வரையும் குருக்களாகத் திருநிலைப்படுத்தும்போது. அங்கேயும் தலையில் எண்ணெய், ஏழு நாள் வாயிலில் காத்திருப்பு, எட்டாம் நாள் தொடக்கம். "தீட்டு" என்று கத்திக்கொண்டு போனவரை, தலைமைக் குருவுக்குச் செய்த சடங்கின் சாயலோடு திரும்பச் சேர்க்கிறார்கள். பாமர மனிதர் வேறு எவருக்கும் சட்டத்தில் இந்த மூன்று இடப் பூசுதல் கிடையாது. செபக்குழுவில் எது விடுபட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

ஏழைக்குச் சலுகை உண்டு (14:21-32): குட்டி ஒன்றே போதும், மாவு பத்தில் ஒரு பங்கு, மற்ற இரண்டு ஆட்டுக்குட்டிகளுக்குப் பதில் இரு காட்டுப்புறா அல்லது புறாக்குஞ்சு. ஆனால் குற்றப்பழி நீக்கும் பலியின் குட்டியும் ஒரு லோகு எண்ணெயும் குறைக்கப்படவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. உடம்பில் பூசப்படுபவை அவை இரண்டும்தான். ஏழையின் காதுக்கும் செல்வரின் காதுக்கும் ஒரே அளவு.

பறவைகளுக்கு வருவோம். ஒன்று சாகிறது, ஒன்று போகிறது. பாவக்கழுவாய் நாளின் இரு வெள்ளாட்டுக் கிடாய்களில் (லேவியர் 16) உள்ள அதே அமைப்பு. கேதுரு, நூல், ஈசோப்பு மூன்றும் பிணத்தீட்டைப் போக்கும் சடங்கிலும் (எண்ணிக்கை 19:6) வருகின்றன. புனித தாமஸ் அக்குவினா இவற்றுக்கு ஒவ்வொன்றாக விளக்கம் சொன்னார்: அழுகலுக்கு எதிராக அழுகாத கேதுரு, நாற்றத்துக்கு எதிராக மணமுள்ள ஈசோப்பு, உணர்வின்மைக்கு எதிராக உயிருள்ள பறவை, நிற அவலட்சணத்துக்கு எதிராகப் பளிச்சென்ற சிவப்பு. உணர்வின்மை என்று அவர் சொல்லும்போது தம் காலத்துத் தொழுநோயை மனத்தில் வைத்திருந்தார் என்று தெரிகிறது. பறவையைப் பறக்கவிடுவது, அந்த மனிதர் தம் பழைய சுதந்திரத்துக்குத் திரும்புவதால் என்கிறார். அது நன்றாகவே பொருந்துகிறது.

எருசலேம் கோவில் காலத்தில் இதற்கென்றே பெண்கள் முற்றத்தின் வடமேற்கு மூலையில் ஓர் அறை இருந்தது. அங்கே குளித்துவிட்டு நிக்கனோர் வாயிலில் வந்து நிற்பார். இன்னும் உள்ளே வர உரிமை இல்லாததால், தலையை மட்டும் உள்ளே நீட்டுவார், காதில் பூசுவார்கள், பிறகு கை, பிறகு கால். மிஷ்னாவில் உள்ள இந்த விவரத்தை வைத்து ஒரு நாடகமே போடலாம்.

கே: நோயாளியைத் தொட்டபோது இயேசு சட்டத்தை மீறினாரா?
– இளையோர் இயக்க உறுப்பினர், தூத்துக்குடி

ப: "தொட்டவருக்குத் தீட்டு" என்ற வரி லேவியர் 13இல் இல்லை, ஆனால் மற்றத் தீட்டுகளை வைத்து மக்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதிர்ந்திருப்பார்கள். மாற்கு சொல்லும் வரிசையைக் கவனியுங்கள்: பரிவு கொண்டார், கையை நீட்டினார், தொட்டார், பேசினார். ஒரு சொல் போதும் என்ற இடத்தில் கை முதலில் போகிறது. நோயாளர் தம்மைத் தொட விட்டுக்கொடுத்தது மட்டுமல்ல, அவர்களின் துயரைத் தமதாக்கிக்கொண்டார் என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 1505ஆம் எண் சொல்கிறது.

தொட்டவர், உடனே சட்டத்துக்கே அனுப்புகிறார்: குருவிடம் காட்டு, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து. லேவியர் 14 நோய் நீங்கியபின்தான் வேலை செய்யும் என்று பார்த்தோமல்லவா? அந்த அதிகாரம் யாரோ ஒருவர் குணமாக்கட்டும் என்று காத்திருந்தது. கலிலேயாவிலிருந்து எருசலேமுக்கு நான்கைந்து நாள் நடை, பிறகு சடங்கு. குணமானவர் அந்த வேலையை விட்டுவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். விளைவு 1:45இல்: இயேசு ஊருக்குள் வரமுடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்கினார். இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். எசாயா 53:4ஐ இலத்தீனில் பெயர்த்த புனித எரோணிமுஸ் "தொழுநோயாளிபோல் அவரைக் கருதினோம்" என்றே எழுதினார். நகர வாயிலுக்கு வெளியே துன்புற்ற இயேசுவிடம் நாமும் பாளையத்தைவிட்டு வெளியேறிச் செல்வோம் என்று எபிரேயர் 13:12-13 அழைக்கிறது.

கே: பத்துத் தொழுநோயாளரில் ஒருவர் சமாரியர். அவர் எந்தக் குருவிடம் போயிருப்பார்?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: "குருக்களிடம் போய்க் காட்டுங்கள்" என்று இயேசு அனுப்ப, பத்துப் பேரும் போகும் வழியிலேயே குணமான நிகழ்ச்சி இது. எந்தக் குரு என்று லூக்கா சொல்லவில்லை. "குருக்களிடம்" என்று பன்மையில்தான் இருக்கிறது (17:14). சமாரியருக்குக் கெரிசிம் மலையைச் சார்ந்த சொந்தக் குருக்கள் இருந்தார்கள். அந்த மலைக்கோவிலை யூத ஆட்சியாளர் யோவான் இர்க்கான் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் இடித்துவிட்டாலும் வழிபாடு நிற்கவில்லை.

கே: ஒப்புரவு அருளடையாளத்தை (குருவிடம் செய்யும் பாவ அறிக்கையை) "குருவிடம் உன்னைக் காட்டு" என்பதோடு ஒப்பிடலாமா? எங்கள் மறைக்கல்விப் புத்தகத்தில் அப்படி இருக்கிறது.
– அருள்சகோதரி, கோயம்புத்தூர்

ப: பாதிவரை ஒப்பிடலாம், சகோதரி. எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். புனித யோவான் கிறிசோஸ்தோம் குருத்துவம் பற்றி எழுதும்போது இதைத்தான் எடுத்தார்: யூதக் குருக்களுக்கு உடலின் தொழுநோயைப் போக்கும் அதிகாரம் இல்லை, போய்விட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் மட்டுமே இருந்தது, நம் குருக்களோ ஆன்மாவின் அழுக்கு போய்விட்டது என்று அறிவிப்பதற்கு அல்ல, அதைப் போக்கவே அதிகாரம் பெற்றவர்கள். புனித எரோணிமுஸ் மத்தேயு 16:19க்கு எழுதிய விளக்கத்தில் ஒப்புமையை வேறு பக்கம் திருப்பினார். லேவியர்க் குரு யாரையும் நோயாளி ஆக்குவதில்லை, அடையாளம் காண்கிறார். கட்டும் (மன்னிக்க மறுக்கும்) அதிகாரம் பெற்றவரும் அப்படியே நிதானமாக ஆராயவேண்டும் என்பது அவர் எச்சரிக்கை.

எரோணிமுஸை மட்டும் பிடித்துக்கொண்ட இடைக்கால இறையியலார் சிலர், பாவமன்னிப்பு வழங்கும் குரு வெறும் அறிவிப்பாளர் என்கிற அளவுக்குப் போனார்கள். 1551இல் திரெந்து பொதுச்சங்கம் 14ஆம் அமர்வில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: அது வெறும் அறிவிப்புப் பணி அல்ல, தீர்ப்புச் செயல். ஆகவே வகுப்பில் இப்படிச் சொல்லுங்கள்: மறைக்காமல் காட்டுவது, தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, சமூகத்தோடு திரும்பச் சேர்வது, இம்மூன்றிலும் ஒப்பு உண்டு. மன்னிப்பு நடக்கும் இடத்தில் ஒப்பு இல்லை. "போகும் வழியிலேயே குணமானார்களே, பிறகு குரு எதற்கு?" என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்டால், மறைக்கல்வி 1452 இருக்கிறது: கடவுள் அன்பால் எழும் முழுமையான மனத்துயர் சாவான பாவத்தையும் போக்கும், கூடிய விரைவில் பாவ அறிக்கை செய்யும் உறுதி அதில் இருந்தால். வழியில் குணமானவர்களும் குருவிடம் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

கே: புதுவீட்டுச் சுவரில் பச்சையாகப் படை படர்கிறது. லேவியர் 14இல் சொல்லும் சாபம் இதுதான் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். வீடு மந்திரிக்க வேண்டுமா?
– இல்லத்தரசி, சென்னை

ப: சுவரில் ஓதம், அம்மா. கொத்தனாரைக் கூப்பிடுங்கள். குளியலறைக் குழாய்க் கசிவையும் மொட்டைமாடி நீர் தேங்குவதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கசிவை நிறுத்தாமல் மேலே வண்ணம் பூசினால் ஒரே மழையில் திரும்ப வரும்.

லேவியரும் கொத்தனார் வேலையைத்தான் சொல்கிறது. பச்சையாகவோ சிவப்பாகவோ குழி விழுந்திருந்தால் ஏழு நாள் வீட்டைப் பூட்டு; பரவினால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே கொட்டு, உட்சுவரைச் சுரண்டு, வேறு கல் வைத்துப் புதுப்பூச்சு பூசு. அதற்குப்பிறகும் திரும்பினால்தான் இடிக்கவேண்டும். துணிக்கும் இதேபோல்: பாவிலோ ஊடையிலோ கறை இருந்தால் துவைத்து ஏழு நாள் வைத்துப் பார், மங்கினால் அந்தத் துண்டை மட்டும் கிழித்தெடு, நிறம் மாறவே இல்லை என்றால், பரவாவிட்டாலும் எரி. வீட்டைக் குடும்பத்தின் பாவத்தோடு இந்த அதிகாரம் முடிச்சுப்போடவில்லை. "நோய் கண்ட வீடு என்று ஒன்று இருந்ததே இல்லை, இனியும் இராது" என்று சொன்ன யூத அறிஞர்களும் உண்டு. வீட்டை ஆசீர்வதிக்கப் பங்குத்தந்தையைத் தாராளமாகக் கூப்பிடலாம், பூச்சு காய்ந்தபிறகு.

கே: எனக்குக் கைகளில் வெண்புள்ளி உண்டு. வாசகம் வாசிக்க, நற்கருணை வழங்கத் தகுதியில்லை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள்.
– பெயர் வேண்டாம் என்றவர்

ப: அவர்களுக்கு லேவியர் 13:38-39ஐ வாசித்துக் காட்டுங்கள். தோலில் மங்கிய வெண்புள்ளிகள் இருந்தால் அது வெறும் தேமல், அவர் தூய்மையானவர் என்று பழைய சட்டமே சொல்லிவிட்டது. திருஅவைச் சட்டத்தில் தோலின் நிறத்தைப் பற்றி எந்தத் தடையும் இல்லை. வெண்புள்ளி தொற்றுவதில்லை, அதைக் குஷ்டம் என்ற பெயரோடு சேர்த்துச் சொல்வதே தவறு. இவ்வளவுக்குப் பிறகும் முணுமுணுப்பு நிற்காவிட்டால், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் பங்குத்தந்தை, நீங்கள் அல்ல.

கே: திருஅவையும் ஒரு காலத்தில் தொழுநோயாளரை ஒதுக்கித்தானே வைத்தது?
– சட்டக் கல்லூரி மாணவி, புதுச்சேரி

ப: ஆம். ஐரோப்பாவில் சில இடங்களில் நோயாளியை ஊரைவிட்டுப் பிரிக்க ஒரு சடங்கே நடந்தது. இறந்தவருக்குச் செய்வதுபோல் அவர்மேல் மண் போடும் வழக்கமும் சில சடங்கு நூல்களில் உண்டு. 13ஆம் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது. 14 இல்லை, ஏனென்றால் அவர்கள் பார்த்த நோய் உண்மையான தொழுநோய், அது ஏழு நாளில் போகாது. வெளியே போக வழி இருந்தது, உள்ளே வர வழி இல்லை. 1179இல் மூன்றாம் இலாத்தரன் சங்கம் 23ஆம் விதியில், கூட்டமாய் வாழும் நோயாளருக்குச் சொந்தக் கோவிலும் கல்லறைத் தோட்டமும் குருவும் மறுக்கப்படக்கூடாது என்றது. அவர்கள் தோட்டத்துக்கும் கால்நடைக்கும் பத்திலொரு பங்கு வாங்கக்கூடாது என்றது. பரிவுதான், ஆனால் மதிலுக்கு வெளியே நின்று காட்டிய பரிவு. மதிலுக்கு உள்ளேயே போய்க் குடியிருந்தவர் பெல்ஜியக் குரு தமியான். ஹேன்சன் கிருமியைக் கண்ட அதே 1873இல், தொழுநோயாளரை ஒதுக்கி வைத்திருந்த ஹவாயின் மொலக்காய் தீவில் இறங்கி, அதே நோயால் 1889 ஏப்ரல் 15 அன்று இறந்தார். 2009இல் புனிதரானார்.

நீங்கள் சட்டம் படிப்பவர் என்பதால் இதையும் சொல்லலாம். தொழுநோய் திருமணத்தை முறிக்காது என்று திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் 12ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்பளித்தார். இந்தியாவில் கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் உட்பட ஐந்து சட்டங்களிலிருந்து தொழுநோய் என்ற காரணம் நீக்கப்பட்டது 2019இல்தான். 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016இல் ஒழிந்தது. இன்று கூட்டு மருந்து சிகிச்சை ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம், இலவசம். மருந்து தொடங்கிய சில நாளிலேயே தொற்றும் தன்மை போய்விடும். கை குலுக்குவதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ அது பரவுவதில்லை.

கே: அந்த ஞாயிறு வாசகத்தில் "நோய் அவர் தலையில் உள்ளது" என்று வருகிறது. திடீரென்று தலை எங்கிருந்து வந்தது? வாசிக்கும்போது எனக்கே புரியவில்லை.
– பங்கு வாசகர், வேலூர்

ப: நல்ல கவனம். 44ஆம் வசனம் உண்மையில் வழுக்கை பற்றிய பகுதியின் (13:40-44) கடைசி வரி. வழுக்கைத் தலையில் செந்நிற வெண்படலம் கண்டவரைப் பற்றியது. வாசக நூல் 2ஆம் வசனத்திலிருந்து நேரே 44க்குத் தாவுவதால் தலை மட்டும் தொங்கலாக நிற்கிறது. 2ஆம் வசனம் முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு 44ஐத் தொடங்குங்கள். கேட்பவர்களுக்கு இது வேறு பகுதி என்று தெரியும். 45, 46ஐ உரத்த குரலில், கத்துவதுபோல் நடிக்கவேண்டாம். கோவிலில் நோயிலிருந்து மீண்டவர் ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும்.

இதைவிடப் பெரிய தாவல் ஒன்று உண்டு. ஞாயிறு வாசகங்களில் லேவியர் 14 எந்த ஆண்டிலும் வருவதில்லை. மக்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியே அனுப்பும் ஐந்து வசனங்களைக் கேட்கிறார்கள், திரும்பச் சேர்க்கும் முப்பத்திரண்டு வசனங்களைக் கேட்பதே இல்லை. வாசகத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் முந்தைய வாரம் அன்பியக் கூட்டங்களில் 14:1-20ஐ வாசிக்கலாம். நிதானமாக வாசித்தாலும் நான்கு நிமிடத்துக்குமேல் ஆகாது. மறையுரையாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், "குஷ்டரோகி" என்ற சொல்லையும் "பாவம் என்னும் தொழுநோய்" என்ற உருவகத்தையும் தவிர்க்கும்படி.